ஆறு கிலோ நானூறு

ஊருக்குப் போகையில் அட்டைப்பெட்டியைத்
தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு இது.
முப்பது கிலோவைத் தாண்டினால்
பால்பவுடரா பாதாமா என்று
பஞ்சாயத்து நடக்கும் வீட்டில்.
இன்று அதில் தொங்குகிறது
ஜோவிதாவின் பழைய பள்ளிப்பை.

ஷார்ஜா, அல் நஹ்தா, பதினேழாம் மாடி.
எதிர்க் கட்டடத்தில் போன மாதம்
ஒரு பால்கனி எரிந்தது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
கீழே மணல் பார்க்கிங்கில்
நைட்டியோடு நின்ற ஒருத்தி
ஒரு கையில் பிள்ளையும்
மறு கையில் டிவி ரிமோட்டும் வைத்திருந்தாள்.
அதை ஏன் எடுத்தாள் என்று
அவளுக்கே தெரியவில்லை.
நாங்கள் சன்னலில் நின்று பார்த்தோம்,
ஜோவிதா கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி.

செல்வின் கடலுக்குள் இருக்கிறான்,
எண்ணெய்த் திட்டில், இருபத்தெட்டு நாள்.
லிஃப்ட்டில் மட்டும் ஏறிடாதே என்றான் போனில்.
மீதிக் கணக்கு என் தலையில்.

ஏபெல் பதினாலு கிலோ.
அவனை இடுப்பில் வைத்தபின்
முதுகு எவ்வளவு தாங்கும்?
ஒரு வெள்ளிக்கிழமை படிகளை எண்ணி இறங்கினோம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு.
அவன் ஒன்பதுக்குப் பிறகு
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தான்.

மூன்று பாஸ்போர்ட், ஐடி நகல், ஜிப் கவரில்.
இன்ஹேலர், அதற்கு மாட்டும் மஞ்சள் முகமூடி.
காய்ச்சல் மருந்து பாட்டிலில்
மார்க்கரால் அவன் எடையை எழுதினேன்:
பதறும் நேரத்தில் என்னை நான் நம்பமாட்டேன்.
அவனுக்கு ஒரு செருப்பு, ஒரு அளவு பெரிதாக;
பை காத்திருக்கும், கால் காத்திருக்காது.
அவன் தின்னும் ஒரே பிஸ்கட்.
அவள் கையில் கட்ட ஒரு துணிப்பட்டை,
என் நம்பர், அப்பா நம்பர், கீழ்வீட்டு ரெஹானா நம்பர்.
தண்ணீர்தான் கனம். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ,
அதில் ஏமாற்ற முடியாது.
இரண்டாவது பாட்டிலை எடுத்தேன்,
வைத்தேன், மறுபடி எடுத்தேன்.
கல்யாண ஆல்பத்தையும் எடுத்துவிட்டேன்.
செல்வினிடம் சொல்லவில்லை.

ஆறு கிலோ இருநூறு.
மறுநாள் தூக்கினால் ஆறு கிலோ நானூறு.
தராசு பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மணி அடித்தது புதன் இரவு இரண்டேகாலுக்கு.
செருப்பு எங்கே என்று தேடியது நான் மட்டும்.
ஜோவிதா பட்டையைக் கட்டிக்கொண்டு
கதவருகே நின்றாள்,
பல் விழுந்த வாயை இறுக்கி மூடி.
படிக்கட்டெல்லாம் தூக்கக்கலக்க முகங்கள்,
மலையாளம், உருது, தகாலோக்,
யாரோ ஒருவர் கூண்டுக் கிளியோடு.
ஆறாம் மாடியில் ஏபெல்லின் மூச்சு
விசில் ஊத ஆரம்பித்தது.
கைப்பிடிச் சுவரில் அவனைச் சாய்த்து
முகமூடியை மாட்டினேன்.
அவள் எண்ணினாள், தவறாமல், பத்து வரை.

கீழே வந்தபின் தெரிந்தது:
மூன்றாம் மாடியில் யாரோ விருந்தாளிக்கு
ஊது புகை போட்டிருக்கிறார்கள்.
தீயணைப்புக்காரர் சிரித்தே விட்டார்.
பார்க்கிங் முழுக்கச் சந்தன வாசம்.

பிஸ்கட்டுக்குப் பையைத் துழாவினேன்.
அடியில், செருப்புக்குள் செருகி,
ஒரு வாரமாக வீடெங்கும் தேடிய
டிவி ரிமோட்.
கூடவே பேப்பரில் சுற்றிய இரண்டு பேட்டரி.

"அந்த ஆண்ட்டி எடுத்துட்டு வந்தாங்கல்லா?
அப்ப வேணும்லா நமக்கும்?"

டார்ச்சுக்கு மாற்று பேட்டரி
வைக்க மறந்திருந்தேன் நான்.

மேலே ஏறி, கிடத்தி, போர்த்தி,
பையை மறுபடி கொக்கியில் மாட்டினேன்.
ஆறு கிலோ நானூறு. தராசு சரியாகத்தான் இருக்கிறது.
கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன்.

டிவியை இப்போதெல்லாம்
எழுந்து போய்த்தான் போடுகிறோம்.